வேலி தாண்டும் பூச்சி

இலையில் வெள்ளைப் புள்ளி விழுந்த அன்றைக்கே, இது பக்கத்து வீட்டு அஸ்மாவின் கைவரிசைதான் என்று கோகிலா முடிவு கட்டிவிட்டாள். ஆதாரம் கேட்டால் ஒன்றும் கிடையாது. ஆனால் ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்து ஒரு வருஷம் ஓடியிருந்த அந்தச் சமயத்தில், அங்கே காஜா பெராங் பகுதியில் யார் ஆதாரத்தோடு சந்தேகப்பட்டார்கள்? கடைக்காரன் எடை போட்டால் சந்தேகம். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்தால் சந்தேகம், வராவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம். அரிசி கிடைக்காத ஊரில் இது ஒன்றுதான் வேண்டிய மட்டும் கிடைத்தது.

புள்ளி விழுந்தது வீட்டுக் கத்தரியிலோ வெண்டையிலோ இல்லை. தாய்ச்சோவின் ஆர்கிட்டில். தாய்ச்சோ என்றால் பட்டாளத்துப் பெரியவர். வெள்ளைக்காரர் ஒருவர் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் இப்போது அவர்தான் குடியிருந்தார். பங்களாவோடு சேர்ந்து வெள்ளைக்காரரின் ஆர்கிட் செடிகளும், அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரன் நடராஜனும் அவருக்கு வந்து சேர்ந்தார்கள். நடராஜன் கோகிலாவின் புருஷன். துரை மாறினாலும் வாளி மாறவில்லை என்று அவன் ஆரம்பத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிறகு அந்த வேடிக்கையை விட்டுவிட்டான்.

தாய்ச்சோவுக்கு ஆர்கிட் என்றால் உயிர். ரோட்டில் குனிந்து வணங்காதவனை அறைகிற அதே கையால் இலையின் தூசியைத் துடைப்பார். பங்களா வாசலில் லாரிகள் வந்து நிற்கத் தொடங்கி, புகைக்கு மொட்டுகள் உதிர ஆரம்பித்ததும், செடிகளை வேறெங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. நடராஜன் தன் வீட்டுப் பின்கட்டு ரம்புத்தான் மரத்தைச் சொன்னான். நல்ல நிழல், ஈரக்காற்று. ஆனால் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்டதில் பாதிச் செடிக்குத்தான் அங்கே இடம் இருந்தது. மீதிப் பாதி வேலிக்கு அந்தப் பக்கம், காதர் மைதீன் வீட்டு மாமரத்துக்குப் போயிற்று.

காதர் மைதீனுக்கு டவுனில் துணிக்கடை இருந்தது. துணி வரத்து நின்று அலமாரியெல்லாம் காலியான பிறகு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டைச் சுற்றி மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். சாதுவான மனுஷன். அவர் மனைவிதான் அஸ்மா. செடியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தாய்ச்சோ கைப்பட்டை கொடுக்கிறார் என்று தெரிந்ததும், நடராஜனிடம் வந்து, "தம்பி, எங்க வூட்டுக்கும் பாதியைக் கொடுக்கச் சொல்லுங்களேன்" என்று கேட்டதே அவள்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு முத்திரை குத்திய அந்தப் பட்டை கையில் இருந்தால், சயாமுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் தொட மாட்டார்கள்.

சயாம் என்ற பேரைக் கேட்டாலே அப்போது ஆம்பிளைகள் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம், சாப்பாடு உண்டு என்று சொல்லித் தோட்டம் தோட்டமாக ஆள் ஏற்றினார்கள். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த நடராஜனின் தம்பி தியாகுவும் அப்படி ஏறிப் போனவன்தான். போனவன் போனவன்தான். ஒரு தகவல் இல்லை. அவனோடு போனவர்களிலும் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

பட்டை இருக்கிறவரை பயமில்லை என்று இரண்டு வீடும் நினைத்திருந்தபோதுதான் சேதுபதி வந்தார். முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை பொறுக்கிக்கொண்டு, தாய்ச்சோவுக்கும் தெருவுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நடராஜனையும் காதர் மைதீனையும் வேலிப் பக்கமாகக் கூப்பிட்டு நிறுத்தினார். பெண்கள் இரண்டு பேரும் அவரவர் வாசற்படியில் நின்று கேட்டார்கள்.

"சக்கரவர்த்தி பொறந்த நாள் வருது. விருந்துக்குப் பூ வேணுமாம். நல்லாக் கேட்டுக்குங்க. சயாமுக்கு நம்ம தெருவுல, இந்த லோரோங்குல இருந்து இன்னும் ஒரு ஆள் கொடுக்கணும். மத்த வீடெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறது பட்டை கட்டுன நீங்க ரெண்டு பேருதான். எந்த வீட்டுச் செடி சரியில்லையோ, அந்த வீட்டு ஆளு பட்டையைக் கழட்டணும். நான் சொல்லல லா, தாய்ச்சோ சொல்றாரு."

சொல்லிவிட்டு, கோகிலா வீட்டில் ஒரு கோப்பை வெறுங்காப்பி குடித்துவிட்டுப் போனார். அதுவரை அந்த வேலி கோழி தாண்டாமல் இருக்க நட்ட மரவள்ளிக் குச்சி வேலி. அதன் மேலாகவே கருவேப்பிலை போகும், நெருப்பு வரும், ஊர்க்கதை போகும் வரும். அன்றிலிருந்து ஒன்றும் போகவில்லை. அஸ்மா தண்ணீர் ஊற்ற வந்தால் கோகிலா எட்டிப் பார்ப்பாள். கோகிலா எட்டிப் பார்க்கிறாளா என்று அஸ்மா ஓரக்கண்ணால் பார்ப்பாள். இரண்டு பேரும் சிரித்து வைப்பார்கள்.

அப்புறம்தான் புள்ளி. ஆர்கிட் இலை தடித்த, எண்ணெய் தடவினதுபோலப் பளபளக்கிற இலை. அதில் பொடிப்பொடியாக வெள்ளை தெரிந்தது. சுண்ணாம்புத் தண்ணீரைக் கையில் எடுத்து உதறினால் எப்படி இருக்கும், அப்படி. கோகிலாவுக்கு உடனே அஸ்மாவின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். இலைதான் கிழிந்தது. வெளுப்பு இலைக்குள்ளேயே இருந்தது. அப்படியானால் இது வெறும் சுண்ணாம்பு இல்லை, வேறு என்னமோ. அந்த "வேறு என்னமோ" என்கிற வார்த்தை அவள் மனசுக்குள் புகுந்ததோடு தூக்கம் போயிற்று.

நடராஜனிடம் காட்டினாள். அவன் இலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வெயிலா இருக்கும்" என்றான்.

"நெழல்ல எங்கேருந்து வெயில் வந்துச்சு? அவங்க மரத்துல ஒரு புள்ளி இல்ல. நான் பாத்தேன்."

"பேசாம இரு புள்ள. கச்சோ பண்ணாத, வம்பு வேணாம்."

இவன் இப்படித்தான், யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன் என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். வீட்டில் ஒருத்தருக்காவது விவரம் இருக்க வேண்டுமே என்று அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலியைக் காவல் காத்தாள். காத்ததற்குப் பலனும் கிடைத்தது.

வியாழக்கிழமை அந்தியில், மகரிபு தொழுத கையோடு, அஸ்மா மண்சட்டியில் கங்கு எடுத்துச் சாம்பிராணி தூவி வீடு முழுக்கக் காட்டுவாள். அவர்கள் கணக்குக்கு அப்போதே வெள்ளி இரவு பிறந்துவிடும். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. கோகிலாவும் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டவள்தான். கப்பல் நின்று சரக்கு வராமல் போன பிறகு அவள் வீட்டில் அந்த வாசனையே இல்லை. காதர் மைதீன் மட்டும் எங்கே பதுக்கி வைத்திருந்தாரோ, அவர் வீட்டில் வாராவாரம் மணந்தது. சரி, மணந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த வியாழக்கிழமை அஸ்மா சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டோடு நிற்காமல் பின்கட்டுக்கு வந்தாள். மாமரத்தடியில் நின்று ஒவ்வொரு மட்டைக்கும் கீழே சட்டியைப் பிடித்து, ஓலை விசிறியால் விசிறினாள். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. புகை மரத்துக்குள் நுழைந்து, சுழன்று, வேலியைத் தாண்டி ரம்புத்தான் மரத்துப் பக்கமாக வந்தது.

மறுநாள் காலையில் கோகிலாவின் செடிகளில் புதிதாக வெள்ளை. அடுத்த வியாழக்கிழமையும் அதே புகை, அதே முணுமுணுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வெள்ளை. மொட்டு விட்டிருந்த ஒரு செடியின் இலை முழுக்க வெளுத்து, ஓரத்தில் மஞ்சளும் தட்டிவிட்டது.

கோகிலாவுக்கு இனி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அஸ்மா ஓதி ஊதுகிறாள். ஓதி ஊதுவதைக் கோகிலா கேலியாக நினைக்கிறவள் இல்லை. போன வருஷம் அவளுக்கே விடாத காய்ச்சல் வந்தபோது, டவுன் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்துத்தான் எழுந்து உட்கார்ந்தாள். கையில் கறுப்புக் கயிறும் கட்டிக்கொண்டாள். கூட்டிக்கொண்டு போனதும் இதே அஸ்மாதான். ஓதினால் காய்ச்சல் இறங்கும் என்று கண்ணால் கண்டவளுக்கு, ஓதினால் இலை வெளுக்கும் என்று நம்ப என்ன கஷ்டம்? நல்லதுக்கு ஓதத் தெரிந்தவளுக்குக் கெட்டதுக்கு ஓதத் தெரியாமலா போகும்! அவள் அந்தக் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள்.

அன்று மத்தியானமே சேதுபதி வீட்டுக்குக் கிளம்பினாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்து மூடி எடுத்துக்கொண்டாள். மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் சிட்டிக் கம்போங்கைத் தாண்டி அவர் வீடு. கம்போங் வாசலில் அரிசி இல்லாத உரலில் என்னத்தையோ இடித்துக்கொண்டிருந்த பெண்கள் மலாயில் நலம் விசாரித்தார்கள். கோகிலா நிற்காமல் நடந்தாள்.

சேதுபதி தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, பொறுமையாகக் கேட்டார். புள்ளி, புகை, முணுமுணுப்பு எல்லாம் கேட்டார். கேட்டு முடித்ததும் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இது பத்தாதும்மா. சாம்பிராணி போடறது ஒரு குத்தமா? அவங்க வழக்கம் அது. தாய்ச்சோகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? இலை வெளுத்தா உங்க வீட்டுச் செடிதான் சரியில்லம்பாரு."

 வந்த காரியம் தலைகீழாகத் திரும்பி நடராஜன் கழுத்துக்கே வருகிறதே!

"வேற ஏதாச்சும் உண்டா?" என்றார் சேதுபதி. "வாயால ஏதாச்சும் சொன்னாங்களா? ஜப்பானைப் பத்தி?"

சொல்லவில்லை. காதர் மைதீன் ஜப்பானைப் பற்றி மட்டுமில்லை, மழையைப் பற்றிக்கூடச் சத்தமாகப் பேசாத மனுஷன். கோகிலாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அவள் வாய் திறந்துகொண்டது.

"காதர் மைதீன் அண்ணன் வேலியோரம் நின்னு சொன்னாரு. ஜப்பான்காரன் பூ கருகிப் போகட்டும்னு. என் காதால கேட்டேன்."

"அப்பிடியா" என்றார் சேதுபதி. அவர் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கோபமும் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாமான் கைக்குக் கிடைத்தவர்போல எழுந்துவிட்டார். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

திரும்பி வரும்போது கோகிலா ஒன்றைத்தான் நினைத்து ஆச்சரியப்பட்டாள். அந்தப் பொய்யைச் சொல்ல அவள் துளிக்கூடச் சிரமப்படவில்லை. உண்மையைச் சொல்லும்போதுதான் திக்கித் திணறியிருந்தாள். அதற்காக வருத்தப்பட்டாளா என்றால் இல்லை. நடராஜன் போக மாட்டான், அது போதும் என்று இருந்தது. அன்றைக்கு அசந்து தூங்கினாள்.

விடிகிற வேளையில் விழிப்பு வந்தபோது பக்கத்தில் நடராஜன் இல்லை. பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. கோகிலா எட்டிப் பார்த்தாள். ரம்புத்தான் மரத்தடியில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு இலையாக மெல்லத் தூக்கி, அடிப்பக்கத்தை விரலால் வழித்து, ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் தள்ளினான். சிரட்டை வாயை வாழையிலைத் துண்டால் மூடிக்கொண்டான். பிறகு சத்தம் இல்லாமல் வேலிக்குப் போனான். கையை அந்தப் பக்கம் நீட்டினான்.

அந்த வீட்டுக்கு இந்நேரத்தில் இவன் எதைக் கொடுக்கிறான்? யாருக்குக் கொடுக்கிறான்? கோகிலாவின் சந்தேகத்துக்குப் புருஷன் பெண்டாட்டி வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கணம் மிக அசிங்கமாகவும் நினைத்துவிட்டாள். நடராஜன் சிரட்டையைக் கவிழ்த்து, மாங்கிளையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"அங்க என்ன கொட்டுறீங்க?"

அவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். கோகிலா போய்ச் சிரட்டையைப் பிடுங்கினாள். அடியில் இரண்டு பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. தலையும் கழுத்தும் நல்ல சிவப்பு, முதுகு நீலம் பாய்ந்த கறுப்பு. பார்க்க அழகாகக்கூட இருந்தன.

"இதுதான் இலையை வெளுக்க வைக்குது" என்றான் நடராஜன் தாழ்ந்த குரலில். "ஊசி மாதிரி வாயை விட்டுச் சாறை உறிஞ்சுது. உறிஞ்சின எடமெல்லாம் வெள்ளை. ஆளு நெழல் பட்டா அடிப்பக்கம் ஓடிரும். நீ மேலேயே பாத்துக்கிட்டு இருந்தா எப்பிடித் தெரியும்?"

"உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"பங்களாவுலயே இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல பொகையிலைத் தண்ணி தெளிப்போம், சவுக்காரத் தண்ணி போட்டுத் தொடைப்போம். இப்ப சவுக்காரத்துக்கு எங்க போறது? கையாலதான் வழிக்கணும்."

"வழிச்சு நசுக்கிப் போடலாம்ல?"

அவன் சிரட்டையைத் திரும்ப வாங்கப் பார்த்தான். கோகிலா விடவில்லை.

"ஏன் நசுக்கல?"

"நசுக்கினா?" என்றான் எரிச்சலோடு. "நம்ம செடியும் நல்லா இருக்கும், அவங்க செடியும் நல்லா இருக்கும். அப்ப யாரு போறது? சேதுபதி சொன்னதை நீயும்தானே கேட்ட! அதான் அந்தப் பக்கம் விட்டேன். ஆனா அந்தம்மா வியாழக்கிழமை பொகையைப் போட்டு மொத்தத்தையும் இங்கேயே வெரட்டி விட்டுடறாங்க. நானும் வாரம் பூரா அள்ளிக் கொட்டுறேன், ஒரே பொகையில திரும்பி வந்துருது."

புகைக்குப் பூச்சி பறந்து வந்திருக்கிறது. அவ்வளவுதான். ஓதலும் இல்லை, ஊதலும் இல்லை. கெடுதல் வேலியைத் தாண்டித்தான் வந்தது என்று கோகிலா நினைத்தது சரி. ஆனால் முதலில் அந்தப் பக்கம் தாண்டிப் போனது இந்த வீட்டிலிருந்து. இந்தச் சிரட்டையிலிருந்து. யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன் என்று அவள் நினைத்த ஆளின் கையிலிருந்து.

"நான் சேதுபதிகிட்டப் போயிட்டு வந்தேன்" என்றாள். என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

நடராஜன் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலில் அவன் முகம் வெளிறிப் போயிற்று. அப்புறம் மெதுவாக, அவன் அறியாமலே, தோள்கள் தளர்ந்தன, நெற்றிச் சுருக்கம் விட்டது. நாள் கணக்காகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன்போல மூச்சு விட்டான்.

"சரி. சொன்னது சொல்லிட்ட. இனி வாயைத் தொறக்காத."

அந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நேற்று சேதுபதி வீட்டிலிருந்து திரும்பும்போது தன் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியதும், அந்த அருவருப்பு அவள் பக்கமே திரும்பியது.

போய்ச் சொன்னது பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் யார் பெயர் எழும்? நடராஜன் பெயர். சொல்லாமல் இருந்தால்? காலை முழுக்க மரவள்ளியைத் துருவிக்கொண்டே இதைத்தான் மாற்றி மாற்றி யோசித்தாள். விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டாள். யோசித்து முடிப்பதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

சேதுபதியும் கூட வந்திருந்தார். காதர் மைதீனைச் சட்டை போட விட்டார்கள், தொப்பியை எடுக்க விடவில்லை. கைப்பட்டையைச் சேதுபதியே அவிழ்த்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். காதர் மைதீன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். லாரியில் ஏறுமுன் வீட்டைத் திரும்பிப் பார்த்தவர், வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நடராஜனையும் பார்த்து, "தம்பி, வூட்டைக் கொஞ்சம் ஜாகா பண்ணிப் பாத்துக்குங்க" என்றார். நடராஜன் தலையை ஆட்டினான். கோகிலாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அஸ்மா முன்வாசல் வழியாக வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. அதைச் சரி செய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கோகிலா, என்கூட வாம்மா. சேதுபதி வூடு வரைக்கும் வா. உன் மாப்புள்ள நடராஜன் தம்பி பங்களாவுல வேலை பாக்குறாரு, நீ சொன்னா சேதுபதி மதிப்பாரு. நம்ம ரெண்டு வூடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் பொழங்குனதைச் சொல்லு. அவுக எப்பிடிப்பட்ட மனுஷர்னு உனக்குத் தெரியும்ல?"

உள்ளே அறை வாசலில் நடராஜன் நின்று, வேண்டாம் என்று தலையை அசைத்தான். கோகிலா அவனைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அஸ்மாவோடு கிளம்பினாள். வழியெல்லாம் அஸ்மாதான் பேசிக்கொண்டு வந்தாள். யார் சொல்லியிருப்பார்கள், கடையில் வேலை பார்த்தவனா, கடன் கேட்டுக் கிடைக்காதவனா என்று ஊரில் இருக்கிற ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டாள். கூட நடந்து வருகிறவளை மட்டும் விட்டுவிட்டாள்.

சேதுபதி அவர்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என் கையில ஒண்ணும் இல்லம்மா. ஜப்பானுக்கு விரோதமாப் பேசினாருன்னு தகவல். நம்பிக்கையான எடத்துலேருந்து வந்தது." சொல்லும்போது கோகிலாவை ஒரு பார்வை பார்த்தார். உன் பேர் என்னிடம் பத்திரம் என்கிற பார்வை.

"அவுகளா? விரோதமாவா?" அஸ்மா கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லு தங்கச்சி. வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்க. என்னைக்காவது அவுக ஒரு வார்த்தை அப்பிடிப் பேசிக் கேட்டிருக்கியா? நீயே சொல்லு அவருகிட்ட."

கேள்வி அவ்வளவு நேராக வரும் என்று கோகிலா எதிர்பார்க்கவில்லை. சேதுபதி காத்திருந்தார். அஸ்மாவின் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"இல்லக்கா" என்றாள் கோகிலா. "அவரு ஒண்ணும் பேசல. நான்தான் பேசினதாச் சொன்னேன். பொய் சொன்னேன்."

அஸ்மாவின் கை அவள் கையிலிருந்து நழுவியது. கோகிலா அவள் பக்கம் பார்க்காமல் சேதுபதியையே பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். பூச்சியைச் சொன்னாள். புகையைச் சொன்னாள். சிரட்டையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதையும் சொல்லி முடித்தாள்.

"எங்க வீட்டுக்காரர்தான் செஞ்சாரு. செடி கெட்டது எங்க வீட்டால. காதர் மைதீன் அண்ணனை விட்டுருங்க."

சேதுபதி கோபப்படவில்லை. விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.

"மேல போன தகவலைத் திருப்பி வாங்க முடியாதும்மா. நேத்துச் சொன்னது பொய்னு இன்னைக்குப் போய் நின்னா, மொதல்ல என் தலைதான் போகும். அவரு போறது போறதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா செடி விசயம் சொன்னீங்களே, அது நல்லது. ஒரு ஆளு பத்தாது, இந்த லோரோங்குல ரெண்டு ஆளு வேணும்னு இன்னைக்குக் காலையிலதான் தாக்கீது வந்துச்சு. ரெண்டாவது ஆளுக்கு எங்கடா போறதுன்னு சூசாப் பட்டுத் திண்டாடிக்கிட்டு இருந்தேன்."

கோகிலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, ஐயா ஐயா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது அஸ்மா முன்னால் நடந்தாள். கோகிலா பின்னால் வந்தாள். ஓடிப்போய் நடராஜனிடம் சொல்ல வேண்டும், எங்காவது போய் ஒளிந்துகொள்ளச் சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எங்கே போய் ஒளிவான்? போகிற இடத்தில் எல்லாம் ஒரு வேலி இருக்கும், வேலியோரம் ஒரு கோகிலா நிற்பாள்.

கம்போங் திருப்பத்தில் அஸ்மா நின்றாள். கோகிலா கிட்டே வரும்வரை காத்திருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"பூச்சியை நானும் பாத்தேன். பொகை போட்டா உன் பக்கம் பறந்து போறதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போட்டேன். என் மாப்புள்ள இருக்கட்டும், உன் மாப்புள்ள போவட்டும்னுதான் நெனச்சேன். அல்லாகிட்ட அதுக்கு நான் பதில் சொல்லணும்."

அஸ்மா ஓரடி கிட்டே வந்தாள்.

"ஆனா நான் யாருகிட்டயும் போகல. அந்தச் சேதுபதி உன்னைக் கூப்பிட்டு மெரட்டுனானா?"

"இல்லக்கா."

"ஜப்பான்காரன் வந்து அடிச்சானா? சொல்லு, அடிச்சிருந்தா சொல்லு. அடி தாங்காமச் சொன்னியா?"

அஸ்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் நிற்கிறாள் என்று கோகிலாவுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தை கிடைத்தால் இரண்டு பேரும் அங்கேயே கட்டிக்கொண்டு அழலாம். இரண்டு பேருக்கும் வேறு யாரும் இனி இல்லை.

"இல்லக்கா" என்றாள். "யாரும் கேக்கல. நானாத்தான் போனேன்."

அஸ்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். கோகிலா கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.